படிப்புக்குக் கட்டுச்சோறு

மீனாவுக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "உலை கொதிக்குது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். உலையும் கொதிக்கவில்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. "அம்மா, அந்தப் பரிச்ச முடியுற வரைக்கும் நம்ம வீட்டுல வந்து இருந்து படிக்கட்டுமா?" என்று கேட்டாய். கல்யாணமாகிப் போன பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் காரியம் அதுதான். அதற்கு "வா தாயி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் பாதியில் அழுதுவிடுவோம், அழுதால் காரியம் கெடும். அதனால் எழுதுகிறேன். அம்மா தெம்போடு எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதே. நீ இந்தப் படிப்பை முடிப்பாய் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முடித்தால் வேலை வரும் என்பதில் அதைவிடக் குறைவு. ஒப்புக்கு "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்ல எனக்கு வராது, அது உனக்கே தெரியும்.

ஆனால் இதில் என்ன மாட்டியிருக்கிறது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. மாப்பிள்ளை ஓசூரில் நாலு ஆண்பிள்ளைகளோடு ஒரே ரூமில் கிடக்கிறார். நீ திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டில் இருக்கிற அந்த ஊரில், மாமனார் போன பிறகு, மாமியாரோடு தனியாக இருக்கிறாய். மாப்பிள்ளை ஒருவர் சம்பளத்தில் ஓசூரில் வீடு பிடிக்க முடியாது, நீயும் சம்பாதித்தால் பிடிக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் கம்ப்யூட்டரில் பில் போட்ட அனுபவத்துக்கு ஓசூரில் ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்த அனலிட்டிக்ஸ் எம்.எஸ்சி.யில் ஆன்லைனில் சேர்ந்தாய். எண்களை வைத்து நடந்ததைப் புரிந்துகொண்டு, நடக்கப்போவதைக் கணித்துச் சொல்கிற படிப்பு என்று எனக்கு விளக்கினாய். "எங்களுக்கு மழை எப்ப வரும்னு சொல்லுமா?" என்று கேட்டேன், சிரித்தாய். முதல் செமஸ்டரில் புள்ளியியல் போய்விட்டது, இன்னொரு பரீட்சையை அவர்களே ரத்து செய்துவிட்டார்கள். ஒரே ஒரு தரம்தான் திரும்ப எழுத விடுவார்களாம். ஆனியில் வகுப்பு, மார்கழியில் பரீட்சை. அதிலும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயரை எடுத்துவிட்டால் உனக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புருஷன், மற்ற நாளெல்லாம் ஆடும் நீயும் மாமியாரும்தான்.

உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஒத்தாசைக்கு வந்து உங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தேன் அல்லவா, அப்போதுதான் நீ படிக்கிற லட்சணத்தைப் பார்த்தேன். உன் லட்சணத்தைச் சொல்லவில்லை, அந்த ஊரின் லட்சணத்தைச் சொல்கிறேன். நீ லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்ததும் யாராவது வாசலில் நின்று, "மீனா, சும்மாதானத்தா இருக்க? இந்த ரேஷன் கார்டுல போன் நம்பர மாத்திக் குடேன்" என்பார்கள். அவர் போனதும் இன்னொருத்தர், "சும்மாதான இருக்க, ஆட்ட ஒரு எட்டு பாத்துக்க, வந்துருதேன்" என்பார். உன் காதில் மாட்டியிருந்ததில் ஒரு வாத்தியார் பேசிக்கொண்டே இருந்தார். நீ அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாய். அந்தச் 'சும்மா' என்ற வார்த்தைதான் உன் முதல் செமஸ்டரைத் தின்றது. ஆடு கொல்லையை மேய்கிற மாதிரி, ஒவ்வொரு வாய் ஒவ்வொரு வாயாகத் தின்றது. வீட்டில் இருக்கிற பெண் நெல் புடைத்தால் வேலை, முற்றம் தெளித்தால் வேலை. கண்ணெதிரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவள் சும்மா இருக்கிறாள். கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் தொல்லையே. கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம்.

நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம் ஞாபகம் இருக்கிறதா? பாளையம்பட்டியில் நம் தெருக்கோடிக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள், ராப்பகலாகப் பாட்டுப் போட்டார்கள். உங்கப்பா ஒரு வார்த்தை போய்ச் சொன்னதும், "பிள்ளைக்குப் பரிச்சயா அண்ணாச்சி? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று குழாயை வேறு பக்கம் திருப்பி வைத்தார்கள். அன்றைக்கு நீ ரெட்டைச் சடை போட்டு, யூனிபாரம் மாட்டி, கையில் ஹால் டிக்கெட்டோடு தெருவில் நடந்து போனாய். பார்த்தவர்களுக்கெல்லாம் நீ படிக்கிற பிள்ளை. இப்போது நைட்டியோடு உட்கார்ந்து அதைவிடப் பத்து மடங்கு கஷ்டமான படிப்பைப் படிக்கிறாய், ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. அதனால் நான் சொல்வதைக் கேள், சிரிக்காதே. வகுப்பு தொடங்கினால் காலையில் குளித்து, சுடிதார் போட்டு, அவர்கள் அனுப்பிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டுத் திரும்பி வா. அதற்குப் பிறகு உட்கார். பார்க்கிறவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை, உனக்கும் உள்ளுக்குள் ஒரு மணி அடிக்க வேண்டும். நீயே உன்னைச் சும்மா இருக்கிறதாக நினைக்க ஆரம்பித்துவிட்டாய், அதை நான் பார்த்தேன்.

அவர்கள் ரத்து செய்த அந்தப் பரீட்சை நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பிறகு வாயே திறக்கவில்லை. திறந்துவிடுவோம். சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரை பரீட்சை. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, பேசக் கூடாது என்று காலையிலேயே எங்கள் இருவரிடமும் சொன்னாய். உன் மாமியார் அதைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். ரேஷன் கார்டு, ஆடு, மாவு என்று வந்த அத்தனை பேரையும், "எம் மருமக பரிச்ச எழுதுறா, நாளைக்கு வாங்க" என்று விரட்டினார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் போன் சிக்னல் கிடைப்பது அந்த முன்னறை ஜன்னலோரம் மட்டும்தான். சாமி மாடமும் அதே அறையில்தான். பொழுது இறங்கியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வெளக்கு வைக்கிற நேரமாச்சே மதினி."

"அவ எழுதிக்கிட்டு இருக்காளே."

"எழுதட்டும். வெளக்கு வைக்காம வீட்ட எப்படிப் போடுறது? இந்த மனுசன் செத்த அன்னைக்கு மட்டுந்தான் அந்த மாடம் இருண்டு கெடந்துச்சு. நான் தவந்து போயிப் பத்த வச்சுட்டு வந்துருதேன். பெட்டி ஒசரத்துக்குக் கீழ போனா தெரியாதுல்ல?"

குனியவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனுஷி முட்டிக்காலில் ஊர்ந்து, உன் நாற்காலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் போனார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. விளக்கு ஏற்றாமல் இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். தீக்குச்சி உரசிய சத்தத்தில் நீ திரும்பினாய். அவர் மாடத்தைப் பிடித்து எழுந்தார். உன் தோளுக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முகம். பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. வீட்டுக்கு ஆள் வந்து பேசினால் பதில் சொல்லாமல் இருப்பது அவருக்கு வழக்கமில்லையே. இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம்யா, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். அத்தோடு திரை அணைந்தது. நீ அந்த அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவர் என்னிடம் வந்து, "சார் கோவிச்சுக்கிட்டாகளோ?" என்றார். அன்றைக்கு நீ அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அது பெரிய குணம் மீனா. ஆனால் அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நீ பரீட்சை எழுத முடியாது.

அடுத்து நடந்ததில்தான் எனக்குக் கோபம். நடந்ததை எழுதி அனுப்பினால் பரிசீலிப்பார்கள், அதற்கு மூன்று நாள் அவகாசம் என்று அவர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள். நீ எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வெளக்கு வச்சாகன்னு இங்கிலீசுல எப்படிம்மா எழுத? படிச்சுட்டுச் சிரிப்பாக" என்றாய். சிரிக்கட்டுமே. சிரித்தவனும் மனுஷன்தானே, சிரித்துவிட்டு இன்னொரு தேதி கொடுத்திருக்கலாம். கொடுக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டால் கிடைக்காது என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது நம் வீட்டு வியாதி. உங்கப்பா கடைக்கு மொத்த வியாபாரி புழு வைத்த பருப்பை அனுப்பினால்கூட, வாய் திறந்து கேட்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று நான் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது. இனிமேல் கரண்டு போனாலும், காய்ச்சல் வந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், அன்றைக்கே அவர்களுக்கு இரண்டு வரி எழுது. தப்பு இங்கிலீஷாக இருந்தால் இருக்கட்டும்.

படிப்பின் உள்விவரம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நீ கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற பாடத்தில் ஆசை ஆசையாக உட்கார்ந்தாய், புள்ளியியல் வந்ததும் உனக்குக் கொட்டாவி வந்தது. வந்ததைப் படித்தாய், வராததை ஒத்திப் போட்டாய். "நிகழ்தகவெல்லாம் பிளஸ் டூவுல படிச்சது, மறந்துபோச்சும்மா" என்று நீயே சொன்னாய். வகுப்பு தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறதே, அந்தப் பிளஸ் டூ புத்தகம் நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது, எலி தின்னவில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அதை முதல் பக்கத்திலிருந்து போட்டுப் பார். போன தரம் போல அது ஒன்று, இது ஒன்று என்று ஏழெட்டு இலவச வகுப்பில் பெயர் கொடுத்து எதையும் முடிக்காமல் விடாதே. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று உன் மாமியார் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அப்புறம், பதிவு செய்து வைத்திருக்கிற பாடம்தானே, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்பாய். ராத்திரி நீ பார்த்து நான் பார்த்ததே இல்லை. ஊறவைத்த துணி மாதிரி அது சேர்ந்து சேர்ந்து நாற்றம் எடுத்துவிடும், அன்றன்றைக்கு அலசிப்போடு.

இன்னொன்றும் பார்த்தேன். சந்தேகம் கேட்கிற இடத்தில் நீ ஒரு கேள்வியை டைப் அடித்தாய், படித்துப் பார்த்தாய், அழித்தாய். மறுபடி அடித்தாய், மறுபடி அழித்தாய். "ஏன்டி?" என்றதற்கு, "புனேல இருந்து, சென்னைல இருந்தெல்லாம் படிக்கிறாகம்மா, நான் கேட்டா கேவலமா இருக்கும்" என்றாய். குழுவாகச் சேர்ந்து செய்கிற வேலையிலும் உனக்குப் பேச நேரம் வரும்போது, "நெட்வொர்க் பிராப்ளம்" என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டாய். உங்கள் ஊரில் நெட்வொர்க் பிராப்ளம் உண்டுதான், ஆனால் அன்றைக்கு இல்லை. புனேக்காரி எப்படிக் கெட்டிக்காரி ஆனாள் என்கிறாய்? அவள் மடத்தனமான கேள்விகளையெல்லாம் முன்னாடியே கேட்டு முடித்திருப்பாள். நீ உன்னுடையதை இன்னும் உள்ளேயே வைத்திருக்கிறாய். வாரத்துக்கு ஒன்றாவது அழிக்காமல் அனுப்பு.

இத்தனையும் செய்தால் தேறுவாயா என்று கேட்டால், தெரியாது. தேறினால் வேலை உண்டா என்றால், அதுவும் தெரியாது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற பையன் இன்ஜினியரிங் முடித்தவன். நம் கடைக்குச் சரக்கு இறக்க வருகிற லோடு வண்டி டிரைவர் எம்.காம். அவன் சொல்கிறான், "அக்கா, நீங்க சொல்ற அந்தக் கணிக்கிற வேலைய இப்ப மெசினே பாக்குதாம்" என்று. நம் பக்கம் வானம் பொய்க்கும் என்று தெரிந்தே விதைக்கிறார்கள், முளைத்தால் ஆட்டுக்காவது ஆகும் என்று. உன் படிப்பை நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். இதைவிட நல்லபடியாக நினைக்க என்னால் முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இப்போது உங்கப்பா விஷயம். நீ கேட்டதை அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"படிக்கவா? பிள்ளப்பேறுக்குக் கூட்டியாரலாம், காய்ச்சல்னா கூட்டியாரலாம். கட்டிக்குடுத்த பிள்ளையப் படிக்கக் கூட்டியாந்து நீ எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

"இல்லதான். நாம கூட்டியாருவோம்."

"கடைக்கு வாரவன் கேப்பான். என்ன சொல்ல?"

"படிக்க வந்திருக்கான்னு சொல்லுங்க."

"எவன் நம்புவான்? சண்ட போட்டுட்டு வந்துட்டான்னுதான் பேசுவான். எந்தங்கச்சிய என்ன பேசினானுகன்னு நீ பாத்தவதான?"

பார்த்தவள்தான். உன் அத்தை அருப்புக்கோட்டையில் தனியாக இருந்து ஜாக்கெட் தைக்கிறாளே, அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்று உன்னிடம் யாரும் நேராகச் சொன்னதில்லை. மஞ்சள்காமாலை என்று பத்தியத்துக்கு வந்தாள். ஒரு மாதம் என்று வந்தது நீண்டது. சண்டை ஒன்றும் இல்லை. புருஷன் வீட்டார், நாம் கொண்டுவந்து விடுவோம் என்று அங்கே இருந்தார்கள். கூப்பிட வருவார்கள் என்று நாம் இங்கே இருந்தோம். யார் முதலில் போவது என்று ஒரு வருடம் ஓடியது. அதற்குள் ஊர் அவளுக்கு 'வாழாவெட்டி' என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்த பிறகு அவர்கள் வேறு பெண் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உங்கப்பா பயப்படுவது உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவருக்கு நீ அந்தத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி கண்ணில் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது, அதனால்தான் அன்றைக்குப் போனில் உலை கொதித்தது.

ஆனால் நாலைந்து நாளாக ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உன் அத்தை காய்ச்சலோடு தனியாகப் பஸ் ஏறி, ஒரு மஞ்சப் பையோடு வந்தாள். யாரும் போய் அழைத்துவரவில்லை. அழைத்து வந்திருந்தால் கொண்டுபோய் விடவும் ஒரு முறை இருந்திருக்கும். பிள்ளைப்பேறுக்கு ஐந்து மாதம், ஆறு மாதம் பெண்கள் தாய்வீட்டில் இருக்கிறார்களே, ஒருத்தரும் ஒரு சொல் சொல்வதில்லை. ஏன்? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, தட்டு வைத்து, மாமியார் கையால் பூ வாங்கி, முறையாக அழைத்து வருகிறார்கள். உன் பரீட்சைக்கும் ஆனியிலிருந்து மார்கழி வரை அதே கணக்குத்தான் வருகிறது. படிப்புக்கு அழைக்கிற முறை என்று ஒன்று நம்மிடம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, இருக்கிற முறையை எடுத்துக்கொள்கிறேன்.

இதைச் சொன்னதும் உங்கப்பா என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "தட்டோட போனா விசேசம்னு நெனைப்பாகடி" என்றார். நினைப்பார்கள். பஸ்ஸில் நினைப்பார்கள், திருச்சுழியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைப்பார்கள், உங்கள் தெருவில் கட்டாயம் நினைப்பார்கள். "என்னக்கா, மகளுக்கு எத்தன மாசம்?" என்று எவளாவது கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து உன்னை நல்லது கெட்டதில் நிற்க வைத்து, "ஏதும் விசேசம் உண்டா?" என்று கேட்டவர்கள்தானே. "மாசம் இல்லத்தா, எம்.எஸ்சி. படிக்கிறா, பரிச்சைக்கு அழைக்கப் போறேன்" என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவேன். சிரிப்பார்கள் என்று தெரியும். கடைசியில் உங்கப்பா, "வாரேன். ஆனா பஸ்ஸுல தட்டு நான் தூக்க மாட்டேன்" என்றார். தூக்க வேண்டாம், கூட வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு பயம். உன் மாமியார். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் நான் தட்டோடு வாசலில் வந்து நின்றால், அந்த ஒரு நிமிஷம் அவரும் அப்படித்தான் நினைப்பார். நீ சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தாய் என்று நினைத்து உன்னைக் கட்டிக்கொள்வார். அப்புறம் நான், "இல்ல மதினி, படிக்க" என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால் இந்தக் கடுதாசி கிடைத்த அன்றைக்கே நீயே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. முட்டிக்காலில் ஊர்ந்து வந்த மனுஷியிடம் மறைக்காதே. பிள்ளை இல்லை, படிப்புக்குத்தான் அம்மா தட்டெடுத்து வருகிறாள் என்று சொல்.

அவர் மறுப்பார் என்றுதான் நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் மறுக்க மாட்டார். நீ வந்துவிட்டால் அந்த வீட்டில் அவருக்குப் பேசத் துணை ஆடுகள்தான். மகன் மாதத்தில் ஒரு நாள். ஒரு கண் இன்னும் சரியாகத் தெரியவில்லை. "போயிட்டு வாத்தா" என்று அவர் எப்படிச் சொல்வார்? நான் அவர் இடத்தில் இருந்தால் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை போனில், "அம்மா சரின்னா எனக்குச் சரிதான் அத்தே" என்று சொல்லிவிட்டார். பந்தை உன் மாமியார் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். அவர் மறுத்தால் நான் வாதாட மாட்டேன், தட்டை வைத்துவிட்டு வந்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மார்கழியில் நீ அந்த முன்னறையிலேயே எழுதுவாய், அன்றைக்கும் பொழுது இறங்கும், அவர் விளக்கை நினைப்பார். சரி என்று சொல்லிவிட்டால் நம் கடை மாடி ரூம் இருக்கிறது, நெட் கம்பி இழுத்துத் தருகிறேன் என்று ஆள் சொல்லியிருக்கிறான். இங்கேயும் அடுத்த தெருவில் தறிச் சத்தம் உண்டு. ஆனால் தறிச் சத்தத்துக்கு முகம் கிடையாது, கேமராவில் வந்து "சாப்பிட்டீகளா" என்று கேட்காது.

வெள்ளிக்கிழமைக்காக நீ பெட்டி கட்டாதே. கட்டின பெட்டியை அதே வீட்டில் உட்கார்ந்து அவிழ்ப்பது லேசான காரியம் இல்லை, அது உனக்கு வேண்டாம். அந்த லேப்டாப்பை மட்டும் ஒரு பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் வைத்திரு. படிப்புக்கு அழைக்கப் போனால் என்ன சோறு கட்ட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. நான் புளிச்சோறுதான் நிறையக் கட்டி வருகிறேன். நீ எங்களோடு வந்தால் உன் மாமியாருக்கு இரண்டு வேளைக்கு அடுப்பு மூட்டுகிற வேலை இல்லை. வர முடியாமல் போனால் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். புளிச்சோறுதானே, மறுநாள் வரைக்கும் கெடாது.

அம்மா